சீக்ரெட் ஏஜென்ட்: பதினாறு நிறத்து உளவாளியைப் பற்றிக் கேள்வி பதில்

விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்தில் ஓடிய பழைய கணினி விளையாட்டு சீக்ரெட் ஏஜென்ட். உளவாளியாகி, காவலாளிகளைத் தாண்டி, வண்ணச் சாவிகளால் பூட்டுகளைத் திறந்து வெளியேறுவதுதான் ஆட்டம். அதைப் பற்றி நெல்லைச் சீமை நண்பர்கள் கேட்டவற்றுக்கு, பல ஆண்டுகளாக அதை ஆடிவரும் முறையில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி (அம்பாசமுத்திரம்): அண்ணாச்சி, எங்கள் ஊரில் இதன் முதல் பகுதியை மட்டும்தான் பார்த்தோம். வேறு பகுதிகள் இருந்தனவா?

பதில்: இருந்தன. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் இயங்கிய அப்போஜி நிறுவனம் 1992இல் வெளியிட்ட இந்த விளையாட்டுக்கு மூன்று பகுதிகள் உண்டு. முதல் பகுதியை யாரும் படியெடுத்துக் கொடுக்கலாம், பிடித்தவர் பணம் அனுப்பி மற்ற இரண்டையும் வாங்கிக்கொள்ளலாம் என்பது அதன் நிறுவனர் ஸ்காட் மில்லர் கையாண்ட விற்பனை முறை. டாலரில் பணம் அனுப்ப வழியறியாத நமக்கு, கைமாறிக் கைமாறி வந்த ஃப்ளாப்பியில் முதல் பகுதி மட்டுமே கிடைத்ததில் வியப்பில்லை.

கேள்வி (பாளையங்கோட்டை): நாங்கள் பயின்ற கணினி மையத்தில் கறுப்பு வெள்ளைத் திரைதான் இருந்தது. சிவப்பு, பச்சை, நீலச் சாவிகளை அதில் எப்படிப் பிரித்தறிந்தீர்கள்?

பதில்: இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். நானும் பாளையில் அப்படிப்பட்ட திரையில்தான் ஆடினேன். முதல் வாரம் முழுவதும் ஒவ்வொரு சாவியையும் ஒவ்வொரு பூட்டிலும் வைத்துப் பார்த்து அலைந்தேன். பிறகுதான் சாம்பல் நிறத்திலும் படிகள் இருப்பது கண்ணில் பட்டது. கணினியில் திரைக்குப் படம் அனுப்பும் விஜிஏ அட்டை, வண்ணத்தைச் சாம்பலாக மாற்றும்போது சிவப்பில் 30 விழுக்காடு, பச்சையில் 59, நீலத்தில் 11 என்று கூட்டி வெளிச்சத்தைக் கணக்கிடுகிறது. அதனால் பச்சைச் சாவி வெளிறியும், சிவப்பு நடுத்தரமாகவும், நீலம் ஏறக்குறைய கறுப்பாகவும் தெரியும். விளையாட்டோ விஜிஏவுக்கு முந்தைய ஈஜிஏ என்ற திரைப்பட முறையில் 320க்கு 200 புள்ளிகளில் பதினாறே நிறங்களைக் கொண்டு வரையப்பட்டது.  நிறங்கள் அவ்வளவு குறைவாக இருந்ததால்தான் அந்தச் சாம்பல் படிகளும் ஒன்றோடொன்று குழம்பாமல் நின்றன என்பது என் எண்ணம்.

கேள்வி (களக்காடு): எனக்குக் குண்டுகள் பாதியிலேயே தீர்ந்துபோகின்றன; கதவுவரை போயும் வெளியேற முடியவில்லை. என்ன தவறு செய்கிறேன்?

பதில்: தம்பி, கதவை மட்டும் தேடிப் போவதுதான் தவறு. எதிரிகளின் ரேடார் தட்டைச் சுட்டு அழித்து, டைனமைட்டை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தகர்க்க வேண்டும். குண்டுகள் எண்ணித் தரப்படுவதால், தாண்டிப்போக முடிகிற காவலாளியைச் சுடாதீர்கள். ஓர் அறைக்குள் இறங்குமுன் மேல்தட்டில் நின்று, காவலாளி எதுவரை நடந்து எங்கே திரும்புகிறான் என்று இரண்டு சுற்றாவது பாருங்கள். கறுப்புக் கண்ணாடி கிடைத்தால் விடாமல் எடுங்கள். மறைந்திருக்கும் மேடைகள் அதன்பிறகு தெரியும். லேசர் வழிமறிக்கும் இடங்களில் ஃப்ளாப்பியைத் தேடிக் கண்டுபிடித்து அங்குள்ள கணினியில் செருக வேண்டும். ஃப்ளாப்பியில் வந்த விளையாட்டுக்குள் ஃப்ளாப்பியே திறவுகோலாக இருந்தது சிறுவயதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சியைத் தந்தது.

கேள்வி (சேரன்மகாதேவி): எஸ், பி, ஒய் எழுத்துகளை எடுப்பதால் பயனுண்டா?

பதில்: வரிசைப்படி எடுத்தால் கூடுதல் மதிப்பெண் உண்டு. நிலையை முடிக்க அவை தேவையில்லை.

கேள்வி (வள்ளியூர்): இன்றைய மடிக்கணினியில் இது ஓடுமா, ஐயா?

பதில்: பழைய டாஸ் விளையாட்டுகளை இன்றைய கணினியில் ஓட்டும் டாஸ்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளை நிறுவி, விளையாட்டுக் கோப்புறையை அதில் சி டிரைவாக இணைத்தால் ஓடும். வேகம் ஒத்துவராவிட்டால் கன்ட்ரோல் விசையுடன் எஃப் 11ஐ அழுத்திக் குறைக்கலாம், எஃப் 12ஐ அழுத்திக் கூட்டலாம். ஸ்பீக்கர் பழுதோ என்று ஐயப்பட வேண்டாம். கணினிக்குள்ளிருந்த சிறு ஸ்பீக்கருக்காகச் செய்யப்பட்ட ஒலிகள் என்பதால் அந்தக் கீச்சுச் சத்தம்தான் வரும். 2021இல் புதுப்பித்த பதிப்பும் விற்பனைக்கு வந்திருக்கிறது. இருந்தாலும், அந்த மூன்று சாவிகளையும் அன்று வரைந்தபடியே பார்க்க விரும்பினால், பழையதை முதலில் ஆடிவிட்டுப் புதியதற்குப் போங்கள்.