பூட்டியது நீங்கள், திறந்துவிட்டது யார்?

கேள்வி: எங்கள் கடையில் மூன்று பில் கவுன்ட்டர்கள். மூன்றுக்கும் ஒரே லினக்ஸ் கணினி. கவுன்ட்டருக்கு ஒரு செயல்முறை (ஓடும் நிரலின் ஒரு பிரதி) வீதம் ஓடுகிறது. நிரலைச் சி மொழியில் நான்தான் எழுதினேன். கடைசி ரசீது எண் ஒரு சிறு கோப்பில் இருக்கிறது. எண்ணைப் படிக்கும் முன், இயங்குதளத்திடம் பூட்டு கேட்கும் எஃப்சிஎன்டிஎல் (fcntl) அழைப்பால் கோப்பைப் பூட்டுகிறேன், புது எண்ணை எழுதியதும் விடுவிக்கிறேன். இரண்டு ஆண்டுகளாகத் தொல்லை இல்லை. அண்மையில் எண்ணைச் சரிபார்க்கும் பகுதியைத் தனிச் செயற்கூறாகப் பிரித்தேன். அது கோப்பைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிடும். அன்றிலிருந்து கூட்ட நேரத்தில் ஒரே எண் இரண்டு ரசீதுகளில் வருகிறது. பூட்டு வேலை செய்யவில்லையா?

பதில்: பூட்டு ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. அதை நடுவழியில் கழற்றிவிடுவது உங்கள் புதிய செயற்கூறு. "திறந்து பார்த்துவிட்டு மூடிவிடும்" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த மூடலில்தான் எல்லாம் இருக்கிறது.

எஃப்சிஎன்டிஎல் போடும் வழக்கமான பூட்டு, கோப்பைத் திறக்கும்போது உங்களுக்குக் கிடைக்கும் எண்ணான டிஸ்கிரிப்டருக்குச் சொந்தமானது அல்ல. இந்தச் செயல்முறை, இந்த ஐநோடு (பெயரைச் சாராத, கோப்பின் உள் அடையாளம்) என்ற இணைக்குத்தான் இயங்குதளத்தின் மையமான கெர்னல் அதை எழுதி வைத்துக்கொள்கிறது. அதனால் அதே செயல்முறை அதே கோப்பின் எந்த டிஸ்கிரிப்டரை மூடினாலும், அந்தக் கோப்பில் அது வைத்திருந்த பூட்டுகள் அனைத்தும் போய்விடும். பூட்டியது மூன்றாம் எண் டிஸ்கிரிப்டர், மூடியது ஏழாம் எண் டிஸ்கிரிப்டர் என்பதெல்லாம் கணக்கில் வராது. வீட்டில் யாரோ ஒருவர் கொல்லைப்புறமாக வெளியே போனதைப் பார்த்து, குடும்பமே காலி செய்துவிட்டது என்று எண்ணி வாசல் பூட்டையும் கழற்றி வைக்கும் காவலாளியைப் போன்ற ஏற்பாடு இது.

பிழைச் செய்தியும் வராது. பூட்டு போன பிறகு நீங்கள் எழுதி முடிக்கும்வரை மிகச் சிறிய இடைவெளிதான் இருக்கிறது. அதற்குள் இன்னொரு கவுன்ட்டர் புகுந்தால்தான் எண் இரட்டிக்கும். கூட்ட நேரத்தில் மட்டும் தலைகாட்டுவது அதனால்தான்.

இந்த விதியைப் பாராட்டிப் பேசிய யாரையும் நான் பார்த்ததில்லை. லினக்ஸின் கையேட்டுப் பக்கமே இது மோசமானது என்று ஒப்புக்கொள்கிறது: ஏதோ ஒரு நூலகச் செயற்கூறு கடவுச்சொல் கோப்பைத் திறந்து மூடினால், அந்தக் கோப்பில் உங்கள் பூட்டு போய்விடும் என்று எச்சரிக்கிறது. எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள நூலகம் இதற்காகவே, பூட்டு இருக்கும்வரை டிஸ்கிரிப்டரை மூடாமல் தள்ளிப்போடும் தனி ஏற்பாட்டை உள்ளே வைத்திருக்கிறது. யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரத்தில் இருப்பதால் பழைய நடத்தையை இனி மாற்றவும் முடியாது.

இன்றைக்கே ரசீது சரியாக வர வேண்டும் என்றால், பூட்டுக்கென்று ஒரு வெற்றுக் கோப்பைத் தனியாக வையுங்கள். ரசீது எண் கோப்பில் பூட்டே வேண்டாம். சோதனைச் செயற்கூறு எண் கோப்பை நூறு முறை திறந்து மூடினாலும் பூட்டுக் கோப்புக்கு ஒன்றும் ஆகாது. இன்னொரு லாபமும் உண்டு. சில எடிட்டர்கள் சேமிக்கும்போது புதுக் கோப்பை எழுதிப் பழைய பெயருக்கு மாற்றிவிடும். அப்போது பெயர் அதேதான், ஐநோடு வேறு. நீங்கள் பூட்டியிருப்பது யாரும் பார்க்காத பழைய கோப்பை. தனிப் பூட்டுக் கோப்பு இருந்தால் இந்த வம்பு கிடையாது.

அந்தப் பூட்டுக் கோப்பை மட்டும் வேலை முடிந்ததும் அழிக்காதீர்கள். சுத்தமாக வைத்துக்கொள்வதாக நினைத்துப் பலரும் செய்யும் தவறு இது. முதல் கவுன்ட்டர் கோப்பை அழித்துவிட்டு விடுவிக்கும்போது, இரண்டாவது கவுன்ட்டர் பழைய ஐநோடில் ஏற்கெனவே காத்துக்கொண்டிருக்கும்; அதற்குப் பூட்டு கிடைத்துவிடும். மூன்றாவது அதே பெயரில் புதுக் கோப்பை உருவாக்கி அதையும் பூட்டும். இருவருமே தனியாக இருப்பதாக நினைப்பார்கள். காலிக் கோப்பு ஒன்று கிடந்துவிட்டுப் போகட்டும்.

நிரலைத் திருத்த நேரம் இருந்தால், 2014இல் லினக்ஸ் 3.15இல் வந்த ஓஎஃப்டி (OFD, ஒரு திறப்பைச் சேர்ந்த) பூட்டுகளுக்கு மாறலாம். அழைப்பு அதே எஃப்சிஎன்டிஎல்தான். கட்டளையின் பெயரில் ஓஎஃப்டி என்ற சொல் சேரும். அழைப்புக்குக் கொடுக்கும் கட்டமைப்பில் செயல்முறை எண்ணுக்கான உறுப்பில் பூஜ்யம் இட வேண்டும், நிரலின் தலையில் க்னூ சோர்ஸ் (_GNU_SOURCE) வரையறை வேண்டும். இந்தப் பூட்டு, ஓப்பன் அழைப்பு உருவாக்கிய அந்தத் திறப்புக்குச் சொந்தம். வேறொரு திறப்பை மூடினால் இதற்கு ஒன்றும் ஆகாது. நாளைக்கு ஒரே செயல்முறைக்குள் இணையாக ஓடும் த்ரெட்களைப் பயன்படுத்தினாலும், த்ரெட்டுக்கு ஒரு தனித் திறப்பு இருந்தால் ஒன்றையொன்று தடுக்கும். பழைய பூட்டு ஒரே செயல்முறைக்குள் யாரையும் தடுக்காது. 2024 போசிக்ஸ் பதிப்பிலும் ஓஎஃப்டி சேர்ந்துவிட்டது.

1983இன் 4.2 பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் பதிப்பில் பிறந்த ஃப்ளாக் (flock) அழைப்பும் திறப்பைச் சேர்ந்ததுதான், பயன்படுத்த எளிது. கோப்பின் ஒரு பகுதியை மட்டும் பூட்ட முடியாது என்பது உங்களுக்குப் பொருட்டில்லை. ஆனாலும் நான் ஓஎஃப்டியைத்தான் சொல்வேன். லினக்ஸின் உள்ளூர் வட்டில் ஃப்ளாக் பூட்டும் எஃப்சிஎன்டிஎல் பூட்டும் ஒன்றையொன்று பார்ப்பதே இல்லை. ஒரு கவுன்ட்டரில் புது நிரலும் மற்ற இரண்டில் பழையதும் ஓடும் நாளில், பூட்டே இல்லாதது போலாகிவிடும். ஓஎஃப்டி பூட்டோ பழைய எஃப்சிஎன்டிஎல் பூட்டுடன் மோதும், ஆகவே கவுன்ட்டர் கவுன்ட்டராக மாற்றலாம்.

திறப்பைச் சேர்ந்த பூட்டுக்கு ஒரு குணம் உண்டு, அதில் நானே மாட்டியிருக்கிறேன். ஃபோர்க் அழைப்பால் செயல்முறையைப் பிரதி எடுத்தால் பிள்ளைச் செயல்முறையும் அதே திறப்பைப் பகிர்ந்துகொள்ளும். பூட்டைக் கையில் வைத்துக்கொண்டே பின்னணியில் அச்சிடும் நிரலைக் கிளப்பினேன். தாய் நிரல் முடிந்த பிறகும் அச்சு நிரல் டிஸ்கிரிப்டரைப் பிடித்துக்கொண்டிருந்ததால் அடுத்தவர் யாரும் உள்ளே வர முடியவில்லை. வேறு நிரல் கிளம்பும்போது டிஸ்கிரிப்டர் தானே மூடிக்கொள்ள, திறக்கும்போதே க்ளோஸ்-ஆன்-எக்ஸெக் கொடியைக் கொடுத்துவிடுங்கள்.

மற்றவை சின்னச் சின்ன விஷயங்கள். பூட்டிய பிறகே எண்ணைப் படியுங்கள். எஃப்பிரிண்ட்எஃப் (fprintf) கொண்டு எழுதினால், விடுவிக்கும் முன் எஃப்ஃப்ளஷ் (fflush) செய்யுங்கள். இல்லையென்றால் புது எண் உங்கள் நிரலின் தற்காலிக நினைவிடமான பஃபரிலேயே கிடக்க, பூட்டு திறந்துவிடும். எழுதியதை வட்டிலேயே பதியவைக்கும் எஃப்சிங்க் (fsync) மற்ற கவுன்ட்டர்களுக்காகத் தேவையில்லை, மின்சாரம் போனால் எண் பிழைப்பதற்காகத் தேவை. காத்திருக்கும் அழைப்பை சிக்னல் (செயல்முறைக்கு வரும் குறுக்கீட்டுச் செய்தி) ஒன்று இடைமறித்தால் அது பூட்டாமலேயே பிழையுடன் திரும்பக்கூடும், ஆகவே திரும்பும் மதிப்பைப் பாருங்கள். இவை எல்லாமே அறிவுரைப் பூட்டுகள்தாம். பூட்டைக் கேட்காமல் எழுதும் நிரலைக் கெர்னல் தடுக்காது. கட்டாயப் பூட்டு வசதியை 2021இல் லினக்ஸ் 5.15 எடுத்தேவிட்டது.

என் நோயறிதல் சரியா என்று மாலையில் கடை அடைத்த பின் பார்த்துவிடலாம். நிரலை இன்னும் திருத்தாமல், சோதனைச் செயற்கூறு திரும்பும் இடத்துக்கு அடுத்த வரியில் 30 விநாடி ஸ்லீப் ஒன்றைச் செருகி ஓட்டுங்கள். அந்த நேரத்தில் இன்னொரு முனையத்தில், நடப்புப் பூட்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்லாக்ஸ் (lslocks) கட்டளையைக் கொடுங்கள். பட்டியலில் உங்கள் நிரலின் வரி இருக்காது. அடுத்து, அந்தச் செயற்கூற்றில் க்ளோஸ் வரியை மட்டும் தற்காலிகமாக முடக்கிவிட்டு மறுபடியும் ஓட்டுங்கள். வரி வந்து நிற்கும்.