வாசகர் கேள்வி: செப்புக் குழாயைப் பிடித்தால் சர்க்கரை இறங்குமா?

கேள்வி: என் அம்மா எஸ்டேட்டில் பல ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். முழங்கால் வலியும் சர்க்கரை நோயும் அவருக்கு உண்டு. எங்கள் ஊரில் டி.வி. பழுது பார்க்கும் ஒருவர், 9 வோல்ட் பேட்டரி, சிறிய சர்க்யூட், இரண்டு செப்புக் குழாய்கள் ஆகியவற்றைக் கொண்டு தாமே ஓர் 'அதிர்வெண் கருவி' செய்து கொடுத்திருக்கிறார். குழாய்களைக் கைகளில் பிடித்துக்கொண்டால் உடலிலுள்ள கிருமிகள் செத்துச் சர்க்கரையும் இறங்குமாம். வலி குறைந்திருப்பதாகச் சொல்லும் அம்மா, மாத்திரையை நிறுத்தலாமா என்கிறார். பேட்டரிக்குப் பதிலாக அடாப்டர் பொருத்தித் தரவும் கருவி செய்தவர் முன்வந்திருக்கிறார். என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்று அம்மாவிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.

அந்தக் கருவி கிருமிகளைக் கொல்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டாலும், பெரியவர்களுக்குப் பொதுவாக வரும் சர்க்கரை நோய் கிருமியால் வருவதில்லை. வயதாகும்போது வரும் மூட்டுத் தேய்வும் அப்படியே. இன்சுலின் போதாமலோ, உடல் அதற்குச் சரியாக இணங்காமலோ ஏறும் சர்க்கரையைக் கிருமிநாசினி எதுவும் இறக்காது.

நீங்கள் விவரிக்கும் அமைப்பு 1990-களில் அமெரிக்காவில் ஹல்டா கிளார்க் என்பவர் பரப்பியது. ஏழு நிமிடம் பிடித்து, இடைவெளி விட்டு, மீண்டும் பிடிக்க வேண்டும் என்பது அவர் வகுத்த முறை. புற்றுநோய்கள் அனைத்துக்கும் தீர்வு கண்டுவிட்டதாக எழுதிய அவர், 2009-இல் மல்டிபிள் மைலோமா என்ற புற்றுநோயால் இறந்தார். ஒவ்வொரு கிருமிக்கும் அதை உடைக்கும் ஓர் அதிர்வெண் உண்டு என்ற எண்ணமோ இன்னும் பழையது. அதை 1930-களில் ராயல் ரைஃப் என்ற அமெரிக்கர் முன்வைத்தார். உதகைக்கு அருகில் முத்தோரையில் உள்ள ரேடியோ தொலைநோக்கி 326.5 மெகாஹெர்ட்ஸில் இயங்குகிறது என்றால், அந்த எண்ணை எவரும் தம் கருவியால் அளந்து சரிபார்க்கலாம். ரைஃப் வழிவந்தவர்களின் அதிர்வெண் பட்டியல்கள் அப்படிப்பட்ட சோதனைகளில் தேறவில்லை.

அம்மாவுக்கு வலி குறைந்தது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. மூட்டுவலி தானாகவே கூடிக் குறையும். மலைக்குளிர் விட்டு வெயில் வந்தாலே முழங்கால் இளகுவதாகச் சொல்பவர்கள் நம் ஊரில் பலர். அக்கறையுள்ள ஒருவர் பக்கத்தில் அமர்ந்து கையில் ஒரு பொருளைக் கொடுத்தாலும் வலி தணிவதுண்டு. ஐயம் தீரவில்லை எனில், சில நாட்கள் பேட்டரி வயரைக் கழற்றி வைக்கப் போவதாக அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, எந்த நாட்கள் என்பதை மட்டும் மறைத்து, தினமும் மாலையில் வலி எவ்வளவு என்று கேட்டு எழுதி வாருங்கள். வயர் இருந்த நாட்களிலும் இல்லாத நாட்களிலும் வலி ஒரேபோல் இருந்தால், அதைக் குறைத்தது கருவி அல்ல. பிடித்தவருக்குப் பெரும்பாலும் எதுவும் தெரியாத அளவுக்கு மின்னோட்டம் மெல்லியது என்பதால், இச்சோதனை வீட்டிலேயே சாத்தியம்.

அடாப்டர் மட்டும் கூடவே கூடாது. மலிவான அடாப்டரின் உட்புறக் காப்பு பழுதானால், இரு கைகளிலும் உலோகத்தைப் பிடித்திருப்பவரின் மார்பு வழியாக 230 வோல்ட் மின்சாரம் பாயக்கூடும். மழைக்காலத்தில் சுவரும் தரையும் ஈரம் கசியும் நம் வீடுகளில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். பேஸ்மேக்கர் பொருத்தியவர்களும் கர்ப்பிணிகளும் பேட்டரிக் கருவியையும் தொட வேண்டாம். கருவி செய்தவர் நல்லெண்ணத்தோடு செய்திருக்கலாம். ஆனால் சர்க்கரை நோயைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்து விற்கத் தொடங்கினால், ஆட்சேபகரமான மருந்து விளம்பரங்களைத் தடுக்கும் 1954-ஆம் ஆண்டுச் சட்டம் குறுக்கே வரும் என்பதை அவரிடம் சொல்லி வையுங்கள்.

கேள்வி: மருத்துவமனைகளிலும் மின்சாரச் சிகிச்சை உண்டே, அதை நாமே செய்துகொண்டால் என்ன?
- ஒரு வாசகர், கொடைக்கானல்

பதில்: உண்டு. முறிந்த எலும்பு ஒன்றுகூடாமல் நிற்கும்போது துடிப்பு மின்காந்தப் புலம் தரும் கருவிக்கு 1979-இலேயே அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கிளையோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றுக்கு 200 கிலோஹெர்ட்ஸ் மின்புலம் செலுத்தும் கருவி 2011-இல் அங்கு அனுமதி பெற்றது. அதற்காக நோயாளி தலையை மழித்து, ஸ்கேன் பார்த்து முடிவு செய்த இடங்களில் மின்முனைகளை ஒட்டி, நாளில் சுமார் 18 மணி நேரம் அணிந்திருக்க வேண்டும். இன்ன நோய்க்கு, இன்ன அளவில், இவ்வளவு நேரம் என்று நோயாளிகளிடம் சோதித்த பிறகே இவை அனுமதிக்கப்பட்டன. ஒரே பெட்டி எல்லா நோய்க்கும் என்று இவற்றில் எதுவும் சொல்வதில்லை. சால்டரிங் தெரிந்த கைக்கு சர்க்யூட்டை நகலெடுப்பது எளிது. அந்த அளவையும் இடத்தையும் நகலெடுக்க முடியாது.