சோதனையில் ஓடிய வண்டியும் ஷோரூமில் நிற்கும் வண்டியும்

கேள்வி: கொடைக்கானல் மேல்மலையில் எங்களுக்குக் காய்கறித் தோட்டம் இருக்கிறது. கடைசி சில கிலோமீட்டர் மண் பாதைதான்; மழைக்காலத்தில் ஓர் ஓடையையும் கடக்க வேண்டும். புதிய ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்க ஷோரூமுக்குப் போனபோது, பாலைவனத்திலும் பனியிலும் சோதித்த வண்டி என்று உறுதி சொன்னார்கள். இந்தச் சோதனைகள் எப்படி நடக்கின்றன? அவற்றை நம்பி வாங்கலாமா?
(திண்டுக்கல் மாவட்ட வாசகர்)

பதில்: சோதனைகள் உண்மையாகவே நடக்கின்றன, கடுமையாகவும் நடக்கின்றன. ஆனால் அவை எந்த வேரியன்ட்டில் (ஒரே மாடலின் எந்த வகையில்), எந்த டயருடன் நடந்தன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும்வரை முன்பணம் கட்டாதீர்கள்.

கணினியில் வடிவமைப்பு முடிந்த பிறகு கையால் பூட்டிய முன்மாதிரி வண்டிகள் டெஸ்ட் டிராக்குக்கு வருகின்றன. நம் மாநிலத்திலேயே செய்யாறு அருகே மஹிந்திரா நிறுவனத்துக்கு இத்தகைய பெரிய சோதனைத் தளம் இருக்கிறது. ஏற்ற இறக்கமாகக் கருங்கல் பதித்த பாதையில் வண்டியைத் திரும்பத் திரும்ப ஓட்டி, வாடிக்கையாளர் பல ஆண்டுகளில் தரக்கூடிய அடியைச் சில வாரங்களில் கொடுத்துவிடுகிறார்கள். போல்ட்டுகளின் மேல் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்திருப்பார்கள். ஓட்டி முடித்துப் பார்க்கும்போது அந்தக் கோடு விலகியிருந்தால் போல்ட் தளர்ந்திருக்கிறது என்று பொருள். எதிரெதிர் மூலையில் உள்ள இரண்டு சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கும்படி வண்டியைக் குழியில் நிறுத்தி, அந்த நிலையிலேயே கதவுகளைத் திறந்து மூடிப் பார்ப்பதும் உண்டு. கதவு சட்டத்தில் உரசினால் பாடி முறுக்கிக்கொள்கிறது என்று தெரிந்துவிடும். செங்குத்தான சரிவில் ஹேண்ட் பிரேக் பிடிக்கிறதா, வண்டி சாய்ந்து நிற்கும்போதும் இன்ஜினுக்குள் ஆயில் தடையின்றி ஏறுகிறதா, புழுதி எங்கே புகுகிறது என்பதையெல்லாம் தனித்தனியாகப் பார்க்கிறார்கள்.

பிறகுதான் வெளியூர்ப் பயணங்கள். கடல்மட்டத்திலிருந்து 5,000 மீட்டருக்கு மேல் உள்ள லடாக் கணவாய்களில் காற்றழுத்தம் சமவெளியில் இருப்பதில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடுவதால், இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவும் இன்ஜின் மென்பொருளும் அங்கே வைத்துச் சரிபார்க்கப்படுகின்றன. மெர்சிடிஸ் ஜி-கிளாஸ் வண்டியை ஆஸ்திரியாவின் கிராஸ் நகருக்கு அருகிலுள்ள ஷொக்கல் மலைப்பாதையில் தேய்த்தெடுக்கிறார்கள். 2019-இல் வெளிவந்த லேண்ட் ரோவர் டிஃபெண்டரின் முன்மாதிரிகள் 50 டிகிரி வெப்பப் பாலைவனத்திலிருந்து மைனஸ் 40 டிகிரிக் குளிர்ப் பகுதி வரை 12 லட்சம் கிலோமீட்டர் ஓடியதாக அந்நிறுவனமே அறிவித்தது.

நீங்கள் கவனிக்க வேண்டியது இனிமேல்தான் வருகிறது. அதே டிஃபெண்டர் 900 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரைக் கடக்கும் என்று விளம்பரம் சொல்கிறது. அந்த எண் ஏர் சஸ்பென்ஷன் (காற்றழுத்தத்தால் வண்டியை உயர்த்தித் தாழ்த்தும் அமைப்பு) உள்ள வண்டிக்கு உரியது. காயில் ஸ்பிரிங் (சுருள் வில்) உள்ளதற்கு 850 மட்டுமே. 291 மில்லிமீட்டர் கிரவுண்ட் கிளியரன்ஸ் (தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் உள்ள இடைவெளி) என்பதும் ஏர் சஸ்பென்ஷனை உயர்த்திய நிலையில் கிடைப்பது. விலை குறைந்த வண்டிகளில் இந்த வேறுபாடு இன்னும் பெரிது. மஹிந்திரா தாரில் 2023 ஜனவரியிலிருந்து பின்சக்கர இயக்கம் மட்டும் கொண்ட வேரியன்ட்டும் விற்பனைக்கு வந்தது. 2024 ஆகஸ்டில் தார் ராக்ஸ் வெளிவந்தபோது பெட்ரோல் வண்டிக்கு ஃபோர் வீல் டிரைவ் கிடையாது, டீசலில்தான் உண்டு. பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான். ஷோரூமில் பெருமையாகச் சொல்லப்படும் சோதனையில் ஓடியதும் உங்கள் பில்லில் இருப்பதும் ஒன்றல்ல என்றால், அந்தச் சோதனையால் உங்கள் தோட்டத்துக்கு ஒரு பயனும் இல்லை.

அரசு அங்கீகாரம் இருக்கிறதே என்று சிலர் நினைக்கக்கூடும். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி புணே ஏ.ஆர்.ஏ.ஐ., ஒரகடம் ஜி.ஏ.ஆர்.சி. போன்ற மையங்கள் பிரேக், புகை, விளக்கு உள்ளிட்டவற்றைச் சோதித்துச் சான்று தருகின்றன. 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் என்ற மதிப்பீட்டுத் திட்டம் தரும் நட்சத்திரங்கள் மோதல் பாதுகாப்பைப் பற்றியவை. ஓடையைக் கடக்கும் திறனுக்கு நட்சத்திரம் கிடையாது. அது நிறுவனம் தானே அளந்து சொல்லும் எண். ஆகவே உங்கள் வேரியன்ட்டின் பெயரைக் குறிப்பிட்டு, நீர் கடக்கும் ஆழம், முன்னேறு கோணம் (முன்பகுதி தரையில் இடிக்காமல் ஏறக்கூடிய சரிவு), பின்னிறங்கு கோணம் (பின்பகுதி இடிக்காமல் இறங்கக்கூடிய சரிவு) ஆகியவற்றை ஓனர் மேனுவலிலேயே காட்டச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சு போதாது.

ஓடையைப் பொறுத்தவரை, அந்த ஆழக் கணக்கு நின்ற நீரில் மெதுவாக ஊர்ந்து போவதற்கானது. மழை வெள்ளம் இழுத்து ஓடும்போது அதில் பாதி ஆழம்கூட வண்டியைப் புரட்டிவிடலாம்; அந்த நாளில் கடக்கவே வேண்டாம். காற்று உள்ளிழுக்கும் குழாய் வழியாகத் தண்ணீர் புகுந்தால் இன்ஜினே உடைந்துவிடும், சாதாரண இன்ஷூரன்ஸ் பாலிசியில் அந்தச் செலவு பொதுவாகக் கிடைப்பதில்லை. இன்ஜின் பாதுகாப்புக்கான கூடுதல் கவரைக் கேட்டு வாங்குங்கள். ஆழமான நீரைக் கடந்துவந்த பிறகு ஆக்ஸில் (சக்கர அச்சு) ஆயிலைச் சோதிக்கச் சொல்லுங்கள். அது பால் கலந்த காபி நிறத்துக்கு மாறியிருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது, உடனே மாற்ற வேண்டும்.

வெளிக்கடையில் பெரிய டயர் போட்டு வண்டியை உயர்த்திக்கொள்ளலாம் என்ற யோசனை இருந்தால் கைவிடுங்கள். வாரண்டி மறுக்கப்படலாம், வண்டியின் அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்தும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் குறுக்கே நிற்கும்.

கேள்வி: புது மாடல் வந்தவுடன் பதிவு செய்யலாமா, பொறுக்கலாமா?
(அதே வாசகர்)

பதில்: அவசரம் இல்லையென்றால் ஒரு பருவமழை கழியட்டும். சோதனையில் ஓடும் முன்மாதிரிகளின் எண்ணிக்கை குறைவு. தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் உற்பத்தி தொடங்கியதும் ரப்பர் சீல், வயரிங் கனெக்டர் போன்ற சிறு பாகங்களில் புதுக் குறைகள் தலைகாட்டும். அவை முதலில் வாங்கியவர்களின் வண்டிகளில்தான் தெரியவரும். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, ஆபத்தான குறை உள்ள வண்டிகளைத் திரும்பப் பெறும்படி உத்தரவிட மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. முதல் சர்வீஸின்போதே சேஸிஸ் எண்ணைக் கொடுத்து, உங்கள் வண்டிக்கு அப்படி ஏதும் அறிவிப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். குறையைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் ஜாப் கார்டில் (சர்வீஸ் மையத்தின் வேலைச் சீட்டில்) உங்கள் சொற்களிலேயே எழுதவைத்து, நகலை வாங்கிக்கொள்ளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்ய நேர்ந்தால் அந்த நகல்களே உங்கள் ஆதாரம்.