எட்டாத இடத்திலுள்ள ஹோஸ் கிளாம்பை எந்தக் கருவியால் கழற்றுவது?

என்ஜினுக்குப் பின்னால், கை நுழையாத இடுக்கில் இருக்கும் ஹீட்டர் ஹோஸை இறுக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங் கிளாம்ப் (வில் வளையம்), சாதாரண பிளையரில் வழுக்கிக்கொண்டே இருப்பதாகக் கேட்டிருக்கிறீர்கள். பிளையரை நேராகப் பிடிக்க இடமில்லாதபோது அதன் வாய், கிளாம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் இரு காதுகளையும் ஒரே கோட்டில் அழுத்துவதில்லை; வழுக்குவதற்குக் காரணம் அதுவே.

இதற்கென்றே கேபிள் வைத்த ஹோஸ் கிளாம்ப் பிளையர் கிடைக்கிறது. வளையக்கூடிய நீண்ட கேபிளின் முனையில் சிறிய வாய் இருப்பதால், அதைக் கிளாம்பில் பொருத்திவிட்டு, கைப்பிடியை வசதியான இடத்திலிருந்து அழுத்தலாம். அழுத்திய நிலையிலேயே நிறுத்திவைக்கும் பூட்டு உள்ளதை வாங்குங்கள். அது இல்லாவிட்டால் ஒரு கை அதிலேயே சிக்கிக்கொள்ளும்.

ஒட்டிப்போன ஹோஸை ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் பிளாஸ்டிக் குழாய்முனை உடையக்கூடும் என்பதால், முனை மழுங்கிய கொக்கியை உள்ளே விட்டுச் சுற்றிலும் தளர்த்துவது நல்லது. புது ஹோஸ் மாட்டப்போகிறீர்கள் என்றால் பழையதை நீளவாக்கில் கீறி உரித்துவிடலாம். அடியிலுள்ள முனையில் கத்தி படக் கூடாது.

திருகுக் கிளாம்பாக மாற்றிவிடும் ஆசை எழும். ஆனால் வெப்பத்தில் ஹோஸ் விரிந்து சுருங்கும்போது ஸ்பிரிங் கிளாம்ப் தானே ஈடுகொடுக்கும். திருகு அப்படிச் செய்யாது. என்ஜின் முழுவதும் ஆறிய பிறகே கூலன்ட் (குளிர்விப்பு நீர்) மூடியைத் திறந்து வேலையைத் தொடங்குங்கள்.