ஆரி கிளாஸும் எரிகா வில்சனும்

கேள்வி: அக்கா, வீட்டிலயே ஆரி கிளாஸ், அதான் கொக்கி ஊசி எம்ப்ராய்டரி, எடுக்குறேன். பிள்ளைக ஆசையாத்தான் வந்து சேருதுக, செயின் ஸ்டிச் தாண்டுறதுக்குள்ள பாதிப் பேரு நின்னுருதுக. எரிகா வில்சன்னு ஒருத்தவங்க டிவியிலயே எம்ப்ராய்டரி சொல்லிக்கொடுத்தாங்களாமே, யாரு அவங்க? அவங்ககிட்ட இருந்து நான் எதை எடுத்துக்கலாம்?
– வாசகி, கீழக்கரை

பதில்: இங்கிலாந்துல 1928ல பொறந்தவங்கம்மா. லண்டன்ல ராயல் ஸ்கூல் ஆஃப் நீடில்வொர்க்னு 1872ல ஆரம்பிச்ச பள்ளிக்கூடம், 1953ல எலிசபெத் ராணி முடிசூட்டுக்குப் போட்ட அங்கிக்கு ஜரிகை வேலை பார்த்ததே அந்தப் பள்ளிக்கூடந்தான். எரிகா அங்க படிச்சு அங்கயே டீச்சராவும் இருந்தாங்க. 1954ல அமெரிக்கா போயி நியூயார்க் பக்கம் கிளாஸ் எடுத்தாங்க, 1962ல புக்கு போட்டாங்க, 1971ல பாஸ்டன் டிவியில புரோகிராமே வந்துருச்சு. 2011ல தவறிட்டாங்க. லினன் துணியில கம்பளி நூல் வச்சுப் பண்ற குருவல் வேலைதான் அவங்க ஸ்பெஷல், நம்ம வெயிலுக்கு அது சரிப்படாது, விடுங்க.

நீங்க எடுத்துக்க வேண்டியது அவங்க கிட். டிசைன் வரைஞ்ச துணி, நூல், எப்படிப் போடணும்ங்கிற குறிப்பு எல்லாம் ஒண்ணா, வாங்குனவங்க வீட்டுல உக்காந்து முடிச்சிரலாம். நம்ம ஆளுக என்ன பண்றோம், வெறும் காடாத் துணியில நாள்கணக்கா கோடு கோடா செயின் போடச் சொல்றோம், வீட்டுல கொண்டுபோய்க் காட்ட ஒண்ணும் இல்லைன்னா பிள்ளை எப்படி வரும்? முதல் வாரமே சின்னதா ஒரு சங்கோ மீனோ டிரேஸ் எடுத்துக் கொடுங்க, அதே செயின் ஸ்டிச்லயே முடிஞ்சிரும். ஆனா கிட்டுலயே நிக்கவும் விடாதீங்க, அப்புறம் எல்லாரு பிளவுஸ்லயும் ஒரே மயில்தான் உக்காந்திருக்கும், அதை நான் பார்த்துப் பார்த்து அலுத்துட்டேன். அடுத்த துணிக்கு அவங்களே வரையட்டும்.

இன்னொண்ணு. ஆரியில வித்தையெல்லாம் துணிக்கு அடியில இருக்குற கையிலதான். அந்தக் கைதான் நூலை ஊசிக் கொக்கியில சுத்திவிடுது, நீங்க காட்டுறதோ மேல்கையை மட்டும், பிள்ளை அடியில என்ன நடக்குதுன்னு தெரியாம ஊசியைக் குத்திக் குத்தி நூலைப் பிரிச்சு வச்சிருக்கும். முதல் கிளாஸ்ல ஃப்ரேம்ல நெட் துணி மாட்டுங்க, ரெண்டு கையும் தெரியும். நூலை மேல இழுக்கும்போது ஊசியை அரைச் சுத்து திருப்பி, துணியோட லேசா அணைச்சாப்ல எடுக்கணும், இல்லாட்டி கொக்கி துணியையே கவ்விக்கிரும்.

கேள்வி: கடல் காத்துல ஊசியெல்லாம் துருப்பிடிக்குது, என்ன பண்ணலாம்?
– வாசகி, பாம்பன்

பதில்: முதல்ல, ராத்திரி ஊசியைத் துணியிலயே குத்தி வைக்காதீங்க. மூடி இறுக்கமான டப்பாவுல கொஞ்சம் பவுடர் போட்டு வைங்க, மழை மாசத்துல மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு தடவி, எடுக்கும்போது நல்லாத் துடைச்சிருங்க. துருக்கறை பட்டா எலுமிச்சை தேய்க்கலாம், ஆனா ஜரிகை பக்கம் கொண்டுபோகாதீங்க, கறுத்துரும்.