முதுகுத் திருகுக்குப் பிளாஸ்டிக் வழிகாட்டி எதற்கு?

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. முதுகெலும்பு 58 டிகிரி பக்கவாட்டில் வளைந்திருக்கிறது. திருகுகளும் கம்பிகளும் வைத்து நிமிர்த்த வேண்டுமாம். முப்பரிமாண அச்சில் வழிகாட்டி செய்து திருகு போடப்போவதாக மருத்துவர் சொல்கிறார். அந்தப் பிளாஸ்டிக் உடம்புக்குள்ளேயே இருந்துவிடுமா? பயமாக இருக்கிறது.

பதில்: இருக்காது அம்மா. துளை போட்டதும் அதை எடுத்துவிடுவார்கள். உள்ளே தங்குபவை உலோகத் திருகுகளும் கம்பிகளும் மட்டுமே.

ஒவ்வொரு முள்ளெலும்பிலும் முன்பகுதியையும் பின்பகுதியையும் இணைக்க இரு குட்டைப் பாலங்கள் உண்டு. பெடிக்கிள் என்போம். திருகு அதற்குள்தான் போக வேண்டும். நடுமுதுகில், வளைவின் உட்புறத்தில், சிலருக்கு அந்தப் பாலம் 4 மில்லிமீட்டர் அகலம்கூட இராது. சற்றே உள்ளே விலகினால் தண்டுவடம். முன்னே தாண்டினால் பெருந்தமனி. போதாததற்கு, வளைந்த முதுகில் எலும்புகள் முறுக்கியும் கொள்கின்றன. ஓர் எலும்பில் சரியாக இருந்த கோணம் அடுத்ததில் உதவாது.

ஆகவே சி.டி. ஸ்கேனை வைத்து, திருகு போக வேண்டிய பாதையைக் கணினியில் முன்பே வரைகிறார்கள். எலும்பின் பின்புற மேடுபள்ளங்களில் செப்புக்கு மூடி போலப் பொருந்தும்படி வழிகாட்டியை அச்சிட்டு, கிருமி நீக்குகிறார்கள். அதிலுள்ள குழாய் வழியே துளைக்கருவி இறங்கும். ஸ்கேனில் மல்லாந்து கிடந்த பிள்ளை அறுவை மேசையில் குப்புறப் படுக்கும்போது எலும்புகள் ஒன்றுக்கொன்று இடம் மாறும். ஆனால் ஒவ்வோர் எலும்புக்கும் தனித்தனியாகச் செய்த வழிகாட்டியை அது பாதிக்காது. இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஆனால் எலும்பின் மேல் ஒரு துணுக்குச் சதை ஒட்டியிருந்தாலும் வழிகாட்டி சாய்ந்து உட்காரும். பிறகு தவறான பாதையைத்தான் காட்டும். அதனால் துளையின் சுவர்களை மெல்லிய கருவியால் தடவிப் பார்ப்பதும், எக்ஸ்ரேயில் சரிபார்ப்பதும் கட்டாயம். வழிகாட்டி இல்லாமலேயே செம்மையாகத் திருகு போடும் அனுபவசாலிகளும் இருக்கிறார்கள். எனவே கருவியைவிட மருத்துவரின் அனுபவத்தைப் பற்றி விசாரியுங்கள். இத்தகைய வளைவுகளுக்கு எத்தனை அறுவை செய்திருக்கிறார்? அறுவையின்போது தண்டுவடத்தின் மின்சமிக்ஞைகளைக் கண்காணிப்பார்களா? வளரும் பெண் என்பதால், குறைந்த கதிர்வீச்சில் ஸ்கேன் எடுக்க முடியுமா? தயங்காமல் கேளுங்கள்.

அறுவைத் தேதி சில மாதங்கள் தள்ளிப்போனால், பழைய ஸ்கேனில் செய்த வழிகாட்டி இன்னும் பொருந்துமா என்றும் கேட்டுவிடுங்கள். அதற்குள் அவள் எலும்பு வளர்ந்திருக்கலாம்.