மறுமொழி: நோம்பி மேடையில் கீபோர்டு இரைச்சல்

வணக்கங்க. கோபிப் பக்கம் மாரியம்மன் நோம்பிக் கச்சேரியில், லேப்டாப் சார்ஜர் செருகினதும் வாசிக்கிற கீபோர்டில் "ம்ம்ம்"னு இரைச்சல்னு கேட்டிருந்தீங்க. கீபோர்டு மேல சந்தேகப்பட வேண்டாம், இது எர்த் லூப். சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்க. சத்தம் நின்னா அதேதான். மேடை பிளக்குக்கும் மிக்சர் பிளக்குக்கும் தனித்தனியா எர்த் போறதால, நடுவுல ஆடியோ ஒயர் வழியாவே 50 ஹெர்ட்ஸ் கரண்ட் ஓடுது.

டிரான்ஸ்பார்மர் உள்ள பேசிவ் (தனி கரண்ட் வேண்டாத) டிஐ பாக்ஸ் வாங்குங்க, கீபோர்டுக்கும் மிக்சருக்கும் நடுவுல போடுற சின்னப் பெட்டி அது. ஸ்டீரியோன்னா ரெண்டு சேனல். ஆக்டிவ் வேண்டாம், அதுக்கு பேட்டரியோ, மிக்சர் ஒயர் வழியாவே குடுக்கிற 48 வோல்ட் பேண்டம் பவரோ வேணும், பழைய மைக்செட் மிக்சர்ல பேண்டம் பவர் இருக்கோ இல்லையோ. கீபோர்டிலிருந்து பாக்ஸ் வரை 3 மீட்டருக்குள்ள ஒயர், அதுக்கப்புறம் எக்ஸ்எல்ஆர் (மூணு பின் மைக் ஒயர்) 30 மீட்டர் போனாலும் பரவால்ல. பாக்ஸ்ல இருக்கிற கிரவுண்ட் லிப்ட் (ஆடியோ ஒயரோட எர்த் தொடர்பைத் துண்டிக்கிற) சுவிட்சை 'லிப்ட்'ல வைங்க. லேப்டாப் பாட்டும் மிக்சருக்குப் போனா, 3.5 மி.மீ. (ஹெட்போன் பின்) ஒயர்லயும் இதே மாதிரி எர்த் தொடர்பை அறுக்கிற ஒரு ஐசோலேட்டர் போடுங்க.

சிலர் சார்ஜரோட எர்த் பின்னை உடைச்சு விடச் சொல்லுவாங்க. கேக்காதீங்க, நனைஞ்ச மேடையில அது உயிருக்கே ஆபத்து.

இத்தனைக்கும் அப்புறம் "கிர்ர்"னு வந்தா சீரியல் செட் லைட்டா இருக்கலாம். மேடைக்கு ஜெனரேட்டர்ல தனி லைன் கேளுங்க. சாயங்காலமே மைக்செட்காரர்கிட்டச் சொல்லிடுங்க, கூட்டம் உக்காந்தப்புறம் ஒயர் மாத்த மாட்டாங்க.